வந்துகொண்டிருக்கும் உறுப்பினர்

6-6-1988, திங்கள்

இன்று மாலை வகுப்பில் ஒரு சிறு தவறு செய்தேன். ஒத்திகை நேர்காணலில் நான்கு பேருக்கு மட்டும் வணக்கம் சொல்லிவிட்டு, ஐந்தாவது நாற்காலிக்குச் சொல்லாமல் உட்கார்ந்துவிட்டேன். அதில் யாரும் இல்லை என்பது சாக்கு ஆகாது. யாரும் இல்லை என்பது வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். நான் ஒருவன்தான் அது தெரிந்தவன்போல நடந்துகொண்டேன்.

கண்ணாயிரம் சார் மேசை மணியைத் தட்டினார். "வேல போச்சு அந்தோணிதாசு. எழுந்து வெளிய போயி மறுபடி வா" என்றார். மறுபடி வந்தேன். கதவைத் தட்டி, அனுமதி கேட்டு, நுழைந்து, இடமிருந்து வலமாக ஐந்து வணக்கம். ஐந்தாவது வணக்கத்தில் தலை இன்னும் கொஞ்சம் குனிய வேண்டும் என்று திருத்தினார். "அவரு ரொம்ப தூரத்துலருந்து வராருடா" என்றார்.

தவறு ஏன் நடந்தது என்று யோசித்து எழுதிவைப்பது என் பழக்கம். அந்த நாற்காலியைப் பார்த்தபோது அதன் முதுகில் யாரோ ஈரப் போர்வையைப் போட்டிருப்பதுபோல் தோன்றியது. மறுபடி பார்த்தால் இல்லை. அந்தக் கணத்தில் எண்ணிக்கை தவறிவிட்டது. கவனக் குறைவு என்றுதான் எழுதிக்கொள்ள வேண்டும்.

பிறகு படிக்கும்போது எனக்கே குழப்பம் வரக்கூடாது என்பதால் விவரத்தையும் எழுதுகிறேன். கள்ளக்குறிச்சியில் மலைவிளைபொருள் வாரியம் என்று ஓர் அலுவலகம் இருக்கிறது. கல்வராயன் மலையில் கிடைக்கும் கடுக்காய், புளி, தேன், சாமை ஆகியவற்றை வாங்கி விற்பதற்காக ஏற்பட்டது. ஊரில் அதற்குக் கடுக்காய் ஆபீஸ் என்று பெயர். அங்கே கடுக்காய் வந்து இறங்கி நான் பார்த்ததில்லை. அங்கே இளநிலை உதவியாளர் வேலை ஒன்று காலியாக இருக்கிறது. அந்த ஒரு வேலைக்கு ஆள் எடுக்கும் நேர்காணல் போன வருடம் செப்டம்பரில் தொடங்கியது. பலமுறை நடந்தும் இன்னும் முடியவில்லை. விதிப்படி குழுவில் ஐந்து பேர் இருக்க வேண்டும். ஐந்தாவது ஆள் மலையிலிருந்து வரும் பிரதிநிதி. அவர் பெயர் சடையன், கரியாலூர்க்காரர்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலை மறியல் நடந்த வாரத்தில்தான் முதல் நேர்காணலை வைத்தார்கள். தேதியை மாற்றினால் மறியல் நடப்பதை வாரியம் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்பதால் மாற்றவில்லை. சடையன் மலையிலிருந்து ஜீப்பில் கிளம்பினார். வழியில் அவருக்கு நெஞ்சுவலி வந்தது. கச்சிராயபாளையம் சாலையில் புளியமரங்களை வெட்டிச் சாய்த்திருந்தார்கள். ஜீப் நின்றுவிட்டது. கூட வந்தவர்கள் போர்வையில் தூளி கட்டி அவரைத் தூக்கிக்கொண்டு, மழையில் ஒவ்வொரு மரமாகத் தாண்டி நடந்தார்கள். ஒரு மரத்தின் மேல் ஏற்றி இறக்கும்போது உயிர் போய்விட்டது. திரும்பத் தூக்கிப்போய் ஊரில் புதைத்தார்கள்.

அன்றைய கூட்டக் குறிப்பில் வாரியம் இப்படி எழுதியது: 'உறுப்பினர் திரு. சடையன் வந்துகொண்டிருக்கிறார்.' அடுத்த நேர்காணலிலும் அதையே எழுதினார்கள். வரவில்லை என்று எழுதினால் ஏன் வரவில்லை என்று எழுத வேண்டும். ஏன் என்று எழுதினால் சாலையைப் பற்றி எழுத வேண்டும். சாலையைப் பற்றி எழுதினால் மறியலைப் பற்றி வாரியத்துக்கு ஒரு கருத்து இருப்பதாக ஆகிவிடும். வாரியத்துக்குக் கருத்து கிடையாது. சரி, இடம் காலி என்று எழுதலாமே என்றால், அடுத்தது எந்தப் பிரிவினரின் முறை என்ற கேள்வி வரும். இப்போது அந்தக் கேள்வியைக் கையால் தொட எந்த அதிகாரியும் தயாராக இல்லை. ஆகவே நாற்காலி போடுகிறார்கள், பெயர்ப்பலகை வைக்கிறார்கள், டீ வைக்கிறார்கள். அவரும் வந்துகொண்டே இருக்கிறார்.

இதில் ஒரே சிக்கல், ஐந்தாவது உறுப்பினர் இதுவரை யாரையும் எதுவும் கேட்கவில்லை. கேட்காததால் அவர் பங்கு மதிப்பெண் விழவில்லை. அது விழாததால் யாரையும் தேர்ந்தெடுக்க முடியவில்லை. வாரியத்தில் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வுபெற்ற கண்ணாயிரம் சார் இதைச் சரியாகக் கணித்து, கடைவீதி மாடியில் இருக்கும் தன் தட்டச்சுப் பயிலகத்தில் நேர்காணலுக்கு ஒரு மாலை வகுப்பு தொடங்கிவிட்டார். நான் பகலில் உரக்கடையில் வேலை பார்த்துவிட்டுப் போகிறேன். யூரியா வாசனை போகக் கை கழுவ வேண்டும் என்பது எனக்கு மட்டும் அவர் சொன்ன விதி. இந்த மாதத்தோடு வாரியத்தின் வயது வரம்பைத் தாண்டிவிடுவேன். அடுத்த திங்கள் நடப்பது எனக்குக் கடைசி நேர்காணல். அதன்பின் மூட்டைதான்.

8-6-1988, புதன்

இன்று ஐந்து வணக்கமும் பிழையில்லாமல் வந்தது. மூன்றாவதில் கைகள் சற்று இறங்கிவிட்டன என்று ஒரு சந்தேகம். கடையில் மூட்டை அடுக்கும்போது சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

சாரின் பாடங்கள் எழுதிவைக்கத் தகுந்தவை. முகத்தில் பயம் தெரியக்கூடாது. பயமே இல்லாதவன்போலவும் தெரியக்கூடாது, அது மரியாதைக் குறைவு. தெரியாத கேள்விக்குத் தெரியாது என்று சொல்லலாம், ஆனால் அதைத் தெரிந்தவன் முகத்தோடு சொல்ல வேண்டும். மறியலைப் பற்றிக் கேட்டால், சாலைகளும் முக்கியம், மரங்களும் முக்கியம் என்று சொல்லி நிறுத்திவிட வேண்டும். மனிதர்களைப் பற்றிப் பேச்சு எடுக்கக் கூடாது.

ஐந்தாவது உறுப்பினருக்கான பாடம் தனி. "அவரு கேக்கறது காதுல விழாது. விழலன்னு சொல்லக் கூடாது. செத்த நேரம் பொறுத்துக்கினு, ஒனக்கு எது நல்லா தெரியுமோ அதுக்குப் பதில் சொல்லு. அவரு அதத்தான் கேட்டிருப்பாரு" என்றார் சார்.

பின்வரிசையில் இருக்கும் சாம் எதையும் விளையாட்டாக எடுப்பவன். எனக்கு ஏன் இன்னும் கல்யாணம் ஆகவில்லை என்று அவர் கேட்டால் என்ன சொல்வது என்றான். சார் சிரிக்கவில்லை. "கேக்க மாட்டாரு. கவுரவமான மனுசன். நான் பாத்தவரைக்கும் ஒரு வார்த்த ஜாஸ்தி பேசனது கெடையாது" என்றார். அதன்பின் சாமும் சிரிக்கவில்லை.

கடைசியாகச் சாலம்மாளின் முறை வந்தது. சாலம்மாள் சடையனின் மகள். தட்டச்சில் ஹையர் முடித்தவள். அந்த வேலைக்கு எங்கள் எல்லோரையும்விடத் தகுதி அவளுக்குத்தான். தூளிக்குப் பக்கத்தில் நடந்து வந்தவளும் அவள்தான். மலையிலிருந்து தினமும் வந்துபோக முடியாததால் கருணாபுரத்தில் ஒரு தெரிந்தவர் வீட்டில் தங்கிப் படிக்கிறாள். வகுப்பில் அவள் தன் அப்பாவைப் பற்றிப் பேசுவதில்லை. நாங்களும் அவள் இருக்கும்போது ஐந்தாவது உறுப்பினர் என்றுதான் சொல்வோம்.

கதவைத் தட்டி வந்தாள். நான்கு வணக்கம் சொன்னாள். ஐந்தாவது நாற்காலிக்கு முன்னால் கைகளைத் தொங்கவிட்டபடி நின்றாள். சார் மணியைத் தட்டினார். வெளியே போய் வந்தாள். மறுபடி அதே இடத்தில் கை நின்றது. மறுபடி மணி.

"எங்கப்பா சேர்ல ஒக்கார மாட்டாரு சார்" என்றாள். "ஆபீசுக்கு வந்தாலும் செவுத்தோரமா கீழதான் குந்துவாரு. சேர்ல குந்துனா கால் மரத்துப்போவும்னுவாரு."

சார் மணியின் மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்சம் யோசித்தார். அவர் கெட்டவர் அல்ல. "அது ஒனக்கு அப்பா, சாலம்மா. வாரியத்துக்கு அவரு உறுப்பினரு. உறுப்பினரு கீழ ஒக்கார விதி கெடையாது" என்றார். பிறகு வகுப்பு முடியும்வரை மணியைத் தட்டவில்லை.

எல்லோரும் போனபின் நாற்காலிகளை அடுக்கும் முறை என்னுடையது. ஐந்தாவது நாற்காலி மட்டும் கனத்தது. தேக்கு நாற்காலி, மற்றவை மூங்கில் என்று பிறகுதான் கவனித்தேன். கவனித்தபின்னும் கனம் குறையவில்லை.

10-6-1988, வெள்ளி

சாலம்மாளுக்கு மட்டும் நேர்காணல் அழைப்பு வரவில்லை. விசாரிக்கப் போகிறேன், துணைக்கு வரமுடியுமா அண்ணே என்று கேட்டாள். கடையில் அரைநாள் சொல்லிவிட்டுப் போனேன். போட்டியாளருக்குத் துணை போவது சரியா என்று வழியெல்லாம் யோசித்தேன். போகாமலிருப்பது சரியா என்றும் யோசித்தேன். அதற்குள் ஆபீஸ் வந்துவிட்டது.

வராந்தாவில் புதிதாக ஒரு பெஞ்சு போட்டிருந்தார்கள். ஒரே பலகை, ஓரத்தில் பட்டைகூடச் சீவாமல் இருந்தது. அலுவலக உதவியாளர் ராஜாம்பாள் அக்கா அதைத் துடைத்துக்கொண்டிருந்தார். புளியமரம், உறுதியானது, சாலையில் வெட்டிப் போட்ட மரங்களை ஏலம் விட்டபோது வாரியம் ஒரு துண்டு எடுத்தது என்று பெருமையாகச் சொன்னார். சொல்லிவிட்டுச் சாலம்மாளைப் பார்த்தார். பிறகு துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தார். சாலம்மாள் உட்காரவில்லை. நானும் உட்காரவில்லை.

செயலாளர் எங்களை மரியாதையாகவே நடத்தினார். அவர் பேசியதை நினைவிருக்கும்வரை எழுதுகிறேன். குழு உறுப்பினரின் நெருங்கிய உறவினர் நேர்காணலில் கலந்துகொள்ளக் கூடாது என்பது விதி. உறுப்பினர் சடையனின் மகள் சாலம்மாள் என்று வாரியத்துக்குத் தகவல் வந்திருக்கிறது. தகவல் உறுதியாகும்வரை அவள் விண்ணப்பம் நிறுத்திவைக்கப்படுகிறது.

"எங்கப்பாதான் இல்லியே சார்" என்றாள் சாலம்மாள்.

"இல்லேங்கறதுக்குச் சான்று வேணுமேம்மா."

சான்று இல்லை. எனக்கும் அது தெரியும். அவர் மலைக்குக் கீழே இறந்தார், ஆகவே கீழே பதிய வேண்டும் என்று மலைக் கிராமத்தில் சொன்னார்கள். கீழே இரண்டு கிராமங்களின் எல்லை அந்தச் சாலையில் வருகிறது. உயிர் போன நேரத்தில் அவர் மரத்தின் மேல் இருந்தார். தலை ஒரு கிராமத்திலும் கால் இன்னொரு கிராமத்திலும் இருந்தன. மரம் நின்ற கிராமம், விழுந்த பக்கத்தில் கேட்கச் சொன்னது. விழுந்த கிராமம், வேர் இருக்கும் பக்கத்தில் கேட்கச் சொன்னது. வேரைத் தோண்டி எடுத்தாகிவிட்டது. மரம் பெஞ்சாகிவிட்டது.

செயலாளர் ஆறுதலாகப் பேசினார். "ஒங்க அப்பா மேல வாரியத்துக்கு இருக்கற மரியாத வேற யாருக்கும் இருக்காதும்மா. உயிரோட இருந்தப்ப அவருக்கு நாங்க சேர்கூடப் போட்டதில்ல. டீ குடுத்ததா எனக்கு ஞாபகம் இல்ல. இப்ப பாருங்க, ஆறிப்போச்சுன்னா மாத்தி வைக்கச் சொல்லி எழுத்துலயே உத்தரவு போட்டிருக்கேன்." அவர் குரலில் உண்மையான பெருமிதம் இருந்தது.

மேலும் அவரே ஒன்று சொன்னார். நேர்காணலுக்கு வரும் விண்ணப்பதாரர் யாராவது, குழுவில் இன்னார் இல்லை என்று வாயால் சொன்னால் அதைக் குறிப்பில் எழுதியாக வேண்டும். எழுதினால் உறுப்பினர் வரவில்லை என்று ஆகும், இடம் காலியாகும், சாலம்மாளுக்குத் தடையும் இருக்காது. "ஆனா இத்தன மாசத்துல ஒரு கேண்டிடேட்கூட அப்படிச் சொல்லலியே. படிச்ச பிள்ளைங்க. எல்லாரும் குனிஞ்சு வணக்கம் வெச்சிட்டுத்தான் போறாங்க. இல்லாதவருக்கு யாராவது வணக்கம் வெப்பாங்களா, நீங்களே சொல்லுங்க."

சாலம்மாள் என்னைப் பார்த்தாள். நான் செயலாளரின் மேசையிலிருந்த பேனா நிறுத்தியைப் பார்த்தேன்.

11-6-1988, சனி

பேருந்து நிலையத்து டீக்கடையில் சாலம்மாள் கேட்டாள். அவள் கேட்பாள் என்று நேற்றிலிருந்தே தெரியும். தெரிந்தும் பதில் தயார் செய்யாமல் போனது என் குறை.

"அண்ணே, வேலைய விட்டுக் குடுங்கன்னு கேக்கல. நீங்க ஒருத்தர் மட்டும் அந்த சேருக்கு வணக்கம் வெக்காம, ஆளு இல்லன்னு சொல்லிடுங்க. போதும்."

அப்படிச் சொன்னால் என்னைத் தேர்ந்தெடுக்க மாட்டார்களே என்று நான் கேட்கவில்லை. கேட்காததை அவள் கேட்டுக்கொண்டாள். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சாலையைப் பார்த்தபடி பேசினாள். வேலை கிடைக்காவிட்டாலும் பரவாயில்லை என்றாள். ஊரில் அம்மாவும் இல்லை, புதைத்த இடத்துக்குக் கல் நடக்கூட மனம் வரவில்லை என்றாள். தினமும் ஒரு ஆபீஸில் தன் அப்பாவை வரச் சொல்லிக்கொண்டே இருக்கும்போது இங்கே கல்லை நட்டு அவரை எப்படிப் படுக்கவைப்பது என்று கேட்டாள்.

"ராவும் பகலும் நடந்துக்கினே இருக்காருண்ணே. அந்த மரத்த தாண்டறதுக்கு. இவனுங்க நிறுத்துனாதான் அவரு நிப்பாரு."

சொல்கிறேன் என்றேன். இரண்டு முறை சொன்னேன். இரண்டாவது முறை எனக்கே சொல்லிக்கொண்டதுபோல் இருந்தது.

மாலையில் வகுப்பு. போகாமலிருந்தால் சாருக்குச் சந்தேகம் வரும் என்று போனேன். கடைசி ஒத்திகை என்பதால் சார் என்னைத் திரும்பத் திரும்ப உள்ளே வரச் செய்தார். ஐந்து வணக்கம், மணி, வெளியே, ஐந்து வணக்கம். நாளை மறுநாள் நான்குதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டே ஐந்து செய்தேன். இப்போது எண்ணாமலே வருகிறது என்று சார் பாராட்டினார். "ஒடம்புல ஏறிடுச்சி. இனிமே நீ மறந்தாலும் கை மறக்காது" என்றார்.

நாளை ஞாயிறு. பூசை முடிந்து வந்து, சொல்ல வேண்டிய வாக்கியத்தைப் பயிற்சி செய்ய வேண்டும்: 'நான்கு பேர்தான் இருக்கிறீர்கள். ஐந்தாவது உறுப்பினர் இல்லை. இதைக் குறிப்பில் எழுத வேண்டும்.'

13-6-1988, திங்கள்

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். வரிசை தவறினால் என் பக்கம் நியாயம் இருப்பதுபோல் தோன்றிவிடும்.

சாலம்மாள் வந்திருந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்று தெரிந்தும் வந்திருந்தாள். மற்றவர்கள் பெஞ்சில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்க, அவள் தூண் பக்கம் நின்றாள். சாம் முதலில் போய் வந்தான். ஐந்தாவது உறுப்பினர் எதுவும் கேட்கவில்லை, கேட்டதாக நினைத்துக்கொண்டு தேன் எடுக்கும் முறையைச் சொன்னேன், அவர்கள் நம்பவில்லை என்றான். என் பெயரைக் கூப்பிட்டபோது சாலம்மாள் தலையை மட்டும் அசைத்தாள்.

அறையில் நீளமான மேசை. முதலமைச்சர் படம் மாட்டும் இடத்தில் ஆணி மட்டும் இருந்தது. ஆட்சி கலைந்தபின் யாருடைய படத்தை மாட்டுவது என்று உத்தரவு வரவில்லை. மாலை போடுவதை நிறுத்தச் சொல்லியும் உத்தரவு வரவில்லை. அன்றைய மாலை ஆணியில் தொங்கியது. மேசைக்குப் பின்னால் தலைவர், செயலாளர், கணக்கு அதிகாரி, ஓய்வுபெற்ற வேளாண் அதிகாரி. பிறகு அந்த நாற்காலி. முன்னால் பெயர்ப்பலகை. டீயில் ஆவி பறந்தது.

இடமிருந்து வலமாக வணக்கம் சொன்னேன். நான்காவதில் கையை இறக்கிவிட வேண்டும். இறக்க நினைத்தேன். நினைத்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. கை இறங்கவில்லை. அது தானாக வலப்பக்கம் திரும்பி ஐந்தாவது வணக்கத்தைச் சொன்னது. தலையும் மற்றவர்களுக்குக் குனிந்ததைவிடக் கூடுதலாகக் குனிந்தது. தலைவர் திருப்தியாகச் செயலாளரைப் பார்த்தார்.

பரவாயில்லை, வாக்கியம் இருக்கிறது என்று தேற்றிக்கொண்டேன்.

கடுக்காய் எங்கே கிடைக்கிறது என்று தலைவர் கேட்டார். கல்வராயன் மலையில் என்றேன். மரத்தைப் பார்த்திருக்கிறாயா என்றார். இல்லை என்றேன். "நானும் பார்த்ததில்லை. பதினோரு வருடமாக இந்த வாரியத்தை நடத்துகிறேன். பார்த்துவிட்டு நடத்துவது வியாபாரம், பார்க்காமல் நடத்துவதுதான் நிர்வாகம்" என்றார். வேளாண் அதிகாரி அதைக் குறித்துக்கொண்டார். மறியலைப் பற்றிக் கணக்கு அதிகாரி கேட்டார். சாலைகளும் முக்கியம், மரங்களும் முக்கியம் என்று வாய் சொல்லிற்று. எந்தப் பக்கமும் சாயாத பதில் என்றார்கள்.

அதன்பின் சடங்கு வந்தது. தலைவர் எழுந்து, ஐந்தாவது உறுப்பினர் ஏதாவது கேட்க விரும்புகிறாரா என்று நாற்காலியைப் பார்த்துக் கேட்டார். எல்லோரும் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியைப் பார்த்தார்கள். நான் பேச வேண்டிய இடம் இதுதான். மூச்சை இழுத்தேன். 'நான்கு பேர்தான்' என்பது நாக்கு நுனிக்கு வந்துவிட்டது.

அப்போது எனக்கு ஈரப் போர்வையின் வாசனை வந்தது. பிறகு மூச்சு வாங்கும் சத்தம். நாற்காலியிலிருந்து வரவில்லை. அதற்கும் பின்னால், சுவரோரமாக, தரையிலிருந்து வந்தது.

"தம்பி, எம் பொண்ணு எங்க?"

இதை நான் கேட்டேனா, பயிற்சி கேட்கவைத்ததா என்று இப்போதும் தெரியவில்லை. என் வாக்கியம் வாயில் இருந்தது. ஆனால் ஒருவர் மூச்சிரைக்க வந்து தன் மகளைக் கேட்கும்போது, நீங்கள் இல்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

"வெளிய நிக்கறாங்க ஐயா" என்றேன். நாற்காலியைப் பார்த்துச் சொல்லவில்லை. சுவரோரம் தரையைப் பார்த்துச் சொன்னேன். அவர்கள் அதைக் கவனிக்கவில்லை.

செயலாளர்தான் முதலில் பேனாவை எடுத்தார். யாரைப் பற்றிக் கேட்டார் என்று மெதுவாகக் கேட்டார். மகளைப் பற்றி என்றேன். மகள் என்றுதானா சொன்னார் என்றார். எம் பொண்ணு என்றார் என்றேன். உண்மையைச் சொல்கிறேன் என்ற நினைப்பில் சொன்னேன். அவர் எழுதியதை உரக்கப் படித்த பிறகுதான் எனக்கு உறைத்தது: 'ஐந்தாவது உறுப்பினர் கூட்டத்தில் கலந்துகொண்டு கேள்வி கேட்டார். விண்ணப்பதாரர் சாலம்மாள் தமது மகள் என்பதை அவரே உறுதிசெய்தார்.'

தலைவர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பேசினார். "இந்த வாரியத்தைப் பற்றி வெளியே என்னென்னவோ சொன்னார்கள். சாலையில் ஒருவர் இறந்துபோனார், வாரியம் திரும்பிப் பார்க்கவில்லை என்றார்கள். திரும்பிப் பார்த்திருந்தால் இன்று அவர் வந்திருப்பாரா? மனிதர்கள் அவசரப்பட்டு இறந்துவிடுகிறார்கள். நிர்வாகம்தான் பொறுமையாக அவர்களை இருக்கவைக்க வேண்டியிருக்கிறது." கணக்கு அதிகாரியின் கண் கலங்கியிருந்தது. ஐந்தாவது உறுப்பினரின் பங்கு எனக்கு முழுதாக விழுந்தது.

வெளியே வந்தேன். சாலம்மாள் தூண் பக்கம் அப்படியே நின்றாள்.

"இன்னாண்ணே சொன்னீங்க?"

நான் பொய் சொல்லியிருக்கலாம். யோசிக்கச் சாமர்த்தியம் போதவில்லை. "ஒங்கப்பா ஒன்னக் கேட்டாரு" என்றேன்.

அவள் கோபப்படுவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் முகம் கோபத்துக்குப் போகவில்லை. கொஞ்சம் கிட்டே வந்து, மற்றவர்கள் காதில் விழாத குரலில் கேட்டாள்.

"எங்க இருந்தாரு? சேர்லயா?"

"கீழ. செவுத்தோரமா."

"மூச்சு வாங்குச்சா?"

"வாங்குச்சு."

சாலம்மாள் பின்னால் கையால் துழாவி அந்தப் பெஞ்சைப் பிடித்தாள். பிறகு அதில் உட்கார்ந்தாள். இத்தனை நாளில் அவள் அதில் உட்கார்ந்தது அப்போதுதான். பட்டை இருந்த ஓரத்தைத் தடவிக்கொண்டே இருந்தாள். செயலாளர் வந்து அவள் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதைப் படித்தார். காரணத்தையும் படித்தார். அவள் கேட்டுக்கொண்டாள். எழுந்து போகும்போது, "நீங்க பதில் சொன்னீங்களே, அதுக்கு அவரு இன்னா சொன்னாரு?" என்று என்னிடம் கேட்டாள்.

அதன்பின் எதுவும் கேட்கவில்லை என்றேன்.

"வந்துக்கினு இருப்பாரு" என்றாள். அடுத்த பஸ்ஸுக்குப் போய்விட்டாள். மலைக்கு.

14-6-1988, செவ்வாய்

இன்று வேலையில் சேர்ந்தேன். உரக்கடை முதலாளி வாழ்த்தினார். கண்ணாயிரம் சார் பயிலகத்தின் வாசலில் புதுப் பலகை மாட்டியிருக்கிறார்: 'ஐந்தாவது உறுப்பினரிடம் மதிப்பெண் பெற்றுத் தந்த ஒரே பயிலகம்'. கீழே என் பெயர் இருக்கிறது. புதிதாக நிறையப் பேர் சேர்ந்திருக்கிறார்களாம். ஒரு நாள் வந்து அனுபவத்தைச் சொல்லச் சொன்னார்.

காலையில் நாற்காலிகளைத் துடைத்தேன். ராஜாம்பாள் அக்கா டீ கொண்டுவந்து ஐந்தாவது இடத்தில் வைத்தபோது, யாரும் இல்லாத நேரம் பார்த்து அதை எடுத்துச் சுவரோரம் தரையில் வைத்தேன். செயலாளர் பார்த்துவிட்டார். முதல் நாள் என்பதால் மெமோ தரவில்லை, வாயால் எச்சரித்தார். டீயை மறுபடி மேசையில் வைத்தேன். இது தவறா, முன்பு செய்தது தவறா என்று இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

என் நியமனத்தை உறுதிசெய்ய அடுத்த வாரம் கூட்டம் இருக்கிறது. ஐந்து உறுப்பினர்களுக்கும் அறிவிப்பு கொடுப்பது இளநிலை உதவியாளரின் பொறுப்பு. நால்வருக்கு இன்றே கொடுத்துவிட்டேன். ஐந்தாவதைத் தபாலில் அனுப்பட்டுமா என்று கேட்டதற்கு, அவர் வந்துகொண்டிருக்கும்போது தபால் எங்கே போய்ச் சேரும் என்று செயலாளர் கேட்டார். நியாயமான கேள்விதான். அந்த வீட்டில் இப்போது சாலம்மாள் மட்டும்தான் இருக்கிறாள்.

நாளை செய்ய வேண்டியது: முதல் பஸ்ஸில் கரியாலூர் போக வேண்டும். அறிவிப்பை உறுப்பினர் திரு. சடையனிடம் நேரில் கொடுக்க வேண்டும். அவர் வீட்டில் இல்லையென்றால், வீட்டில் இருப்பவரிடம் கொடுத்துக் கையெழுத்து வாங்க வேண்டும்.